சத்தம் நின்றது, சம்பவம் முடியவில்லை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

அக்காள் புருஷன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். வீடும் நலம், அதற்குத் தொண்டை மட்டும் கொஞ்சம் கட்டியிருக்கிறது. அங்கே தாங்களும், தங்கள் பிடித்துக்கொண்ட முதுகும், அந்த முதுகைப் பார்த்துவிட்டு ரெண்டே நாளில் வருகிறேன் என்று போய்ப் பன்னிரண்டு நாளாகியும் திரும்பாத என் மனைவியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

சொல்வது நான், எழுதுவது எதிர்வீட்டு டெய்லர். எனக்கும் எழுதத் தெரியும், ஆனால் என் கையெழுத்தை நானே ரெண்டாம் தடவை படிக்க முடியாது. இதில் வரும் 'பெருமதிப்பு', 'தாங்கள்' எல்லாம் டெய்லர் போட்டது. "பெரியவரே, சண்டைக்காரங்களுக்கு எழுதும்போது மரியாதையைத் தாராளமா விடணும். சட்டைக்கு உள்ள மடிச்சுத் தைக்கிற துணி மாதிரி. அப்புறம் வேணும்னா பிடிச்சுக்கலாம்" என்கிறார். சரி, விடட்டும்.

போன செவ்வாய்க்கிழமை ஒரே பகலில் தங்களுக்கு அலாரம் கம்பெனியிலிருந்து ஏழு தடவை போன் வந்ததாமே. என்ன நடந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். மன்னிப்புக் கேட்க இல்லை. இந்த வரிக்கு அடியில் கோடு போடச் சொன்னேன், டெய்லர் ஸ்கேல் வைத்தே போட்டுவிட்டார். திருடன் யாரும் வரவில்லை. என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், படுத்தால் தூங்குகிறேன், வீடு பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருக்கிறது. ஆகையால் உங்கள் அக்கா அவசரப்பட்டு வரவேண்டியதில்லை. அவள் கிளம்பும்போது வாசற்படியில் நின்று என்ன சொன்னாள் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். "என் தம்பியை அந்தப் பேரைச் சொல்லி ஒரே ஒரு தடவை கூப்பிடுங்க. மறுநாள் முதல் பஸ்ஸுல வந்துடறேன்" என்றாள். "முதல் பஸ்ஸுல கூட்டமா இருக்கும்" என்று நானும் சொல்லிவிட்டேன். அந்தப் பேச்சில் எந்த மாற்றமும் இல்லை.

அந்தப் பேர் வைத்ததே நான்தான், அதுவும் தாங்கள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு என் கல்யாண வீட்டில் ஓர் இடத்தில் நிற்காமல் சுற்றிய நாளில். ஏன் அதைச் சொல்வதில்லை என்று டெய்லருக்குத் தெரியாது, அவருக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், தாங்களும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் தங்கள் பக்கத்துக் கதையில் எப்போதும் பாதிதான் வரும். பதினோரு வருடம் முன்னே நம் பழைய வீட்டுக் கூரையில் ஒழுகுகிறது என்று நான் ஏணி போட்டு மேலே ஏறி ஓடு மாற்றிக்கொண்டிருந்தேன். தாங்கள் வந்தீர்கள். சுவரில் சாய்ந்திருந்த ஏணியைப் பார்த்தீர்கள். ஏணி ஒன்று சாய்ந்திருந்தால் மேலே ஒருவன் இருப்பான் என்பது எறும்புக்குக்கூடத் தெரியும். தாங்கள் மேலே பார்க்காமல், உங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். காலை பத்து மணியிலிருந்து மூணு மணி வரை வெயிலில் கருவாடாகக் காய்ந்தேன். கத்தினேன், கேட்க ஆளில்லை, உங்கள் அக்கா சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தாள். மூணு மணிக்குத் தாங்கள் தூரிகையை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்து, அண்ணாந்து பார்த்து, "அத்தான், நீங்க மேலயா இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தீர்களே. ஏணியை எடுத்ததை நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். அந்தச் சிரிப்பைத்தான் முடியவில்லை. பிறகு போய் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்தீர்கள். இறங்கினதும் சொன்னேன், "இனிமே உன் பேரு என் வாயில வராது." தாங்களும் விடவில்லை. "பேரு வர்ற வரைக்கும் ஏணி வராது" என்று சொல்லிவிட்டு, என்னை இறக்கிவிட்ட அதே ஏணியைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். அது இன்றுவரை உங்கள் வீட்டுப் பின்பக்கம் கொடிக்குப் பந்தலாக நிற்கிறது என்று கேள்வி.

இது நிற்க. அலாரத்துக்கு வருகிறேன். வயசான ஆள் தனியாக இருக்கப் போகிறார், வீட்டைத் திறந்துபோட்டுவிட்டுக் கடைத்தெருவில் கதை பேசுவார் என்று வெளியூரில் இருக்கிற மகன் ஒரு மெக்கானிக்கை அனுப்பினான். அந்த மனிதர் வாசல் கதவில் வெள்ளையாக ஒரு சின்னப் பெட்டி, சமையலறைக் கூரையில் புகையை மோப்பம் பிடிக்க ஒரு வட்டம், நடையில் எண் அமுக்கும் பலகை, வெளிச்சுவரில் உயரத்தில் கத்துவதற்கு ஒரு சைரன், எல்லாம் மாட்டினார். அலாரம் அடித்தால் முதலில் யாருக்குப் போன் பண்ணுவது, அவர் சரியான பதில் சொல்லவில்லை என்றால் அடுத்தது யாருக்கு, எல்லாம் உங்கள் அக்காவிடம் கேட்டு எழுதிக்கொண்டார். ரகசிய வார்த்தை ஒன்று வேண்டும் என்றார். அவள் அவர் காதில் கிசுகிசுத்தாள். மெக்கானிக் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்ன வார்த்தை?" என்றேன். "உங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தைதான். கேட்டாச் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலையில் அலாரத்தைப் போட்டுவிட்டு ரேடியோவுக்கு பேட்டரி வாங்கப் போனேன். திரும்பி வந்து கதவைத் திறந்ததும் பலகை பீப் பீப் என்று ஆரம்பிக்கும், முப்பது நொடிக்குள் நாலு எண்ணை அமுக்க வேண்டும், இதெல்லாம் எனக்கு அத்துப்படி. எண் பழைய வீட்டுக் கதவு எண், அதை எப்படி மறப்பேன். ஆனால் அன்றைக்குச் செருப்பு வார் கட்டைவிரலில் சிக்கிக்கொண்டது. குனிந்து எடுக்கிறேன், போஸ்ட்மேன் போகிறார். ஒரு மனிதர் போகும்போது பேசாமல் எப்படி இருப்பது? "கடிதாசு ஏதாவது உண்டா?" என்றேன். "இல்லீங்க. உள்ள ஏதோ கூப்பிடுது பாருங்க" என்றார். "அது நம்ம வீட்டு ஆளுதான்" என்றேன். அவ்வளவுதான், வெளிச்சுவரில் சைரன் வாயைத் திறந்தது. நூறு பஞ்சாயத்து ஒரே நேரத்தில் நடக்கிற மாதிரி. ஓடிப்போய் எண்ணை அமுக்கினேன், நின்றது. சரி, முடிந்தது என்று உட்கார்ந்தேன். போன் அடித்தது.

கம்பெனிப் பெண். குரல் நல்ல குரல்தான், பொறுமையும் உண்டு. "வணக்கம் சார், உங்க வீட்டுல ஒரு சம்பவம் பதிவாயிருக்கு."

"சத்தம் நின்னுடுச்சும்மா."

"சத்தம் நின்னது தெரியும் சார். சம்பவம் இன்னும் திறந்தே இருக்கு. ரகசிய வார்த்தை சொன்னீங்கன்னா ரீசெட் பண்ணி மூடிடுவேன்."

எனக்கு என்ன தெரியும்? மகன் செல்லப் பேரைச் சொன்னேன். இல்லை சார். உங்கள் அக்காவை நான் கூப்பிடுகிற பேரைச் சொன்னேன், அதை இங்கே எழுத வேண்டாம். அதுவும் இல்லை. 'வக்கீல்' என்றேன், அது நாம் வளர்த்த நாய்.

நாய் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். வக்கீலைத் தங்களுக்கு ஞாபகம் இருக்குமே, தங்கள் வேட்டியை ஒரு தடவை பதம் பார்த்தானே. யாரையும் வாதம் பண்ணாமல் உள்ளே விடமாட்டான் என்றுதான் அந்தப் பேர். ஆள் வந்தால் குரைப்பான், ஆள் போனால் நிறுத்துவான், அதெல்லாம் எல்லா நாயும் செய்வதுதான். இவன் நிறுத்தின பிறகும் வாசலிலேயே நிற்பான். சோற்றை வைத்தால் பார்க்கவும் மாட்டான். நாம் எழுந்து போய்த் தலையைத் தடவி, "சரிடா, நானும் பாத்துட்டேன்" என்று சொன்னால்தான் பெருமூச்சு விட்டுவிட்டுச் சாப்பிட வருவான். ஒரு தடவை எல்லாரும் வேலையாக இருந்து யாரும் சொல்லவில்லை, அன்று பூராவும் பட்டினி கிடந்தான். இந்த அலாரமும் அதே சாதி. நான் சொல்லவில்லை, பிறகு மெக்கானிக்கே இதைத்தான் சொன்னார், ஆனால் அவருக்கு நாய் இல்லாததால் அரைமணி நேரம் பிடித்தது.

அந்தப் பெண் சொன்னாள், "சார், அம்மா ஒரு குறிப்புக் குடுத்திருக்காங்க. படிக்கட்டுமா?"

"படிம்மா."

"'பதினோரு வருஷமா உங்க நாக்கு நுனியில நிக்கிற பேரு.'"

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் வீட்டுச் சுவரில், என் மகன் மாட்டின பெட்டிக்குள்ளே, தங்கள் பேர்! "போனை வைம்மா" என்றேன். "வெச்சா அடுத்த நம்பருக்குப் போகும் சார்" என்றாள். "போகட்டும், அவங்களாவது நிம்மதியா இருக்கட்டும்" என்று வைத்துவிட்டேன். அடுத்த நம்பர் தங்களுடையது என்று எனக்கு எப்படித் தெரியும்?

கால்மணி கழித்து அதே பெண். "சார், ரெண்டாவது நம்பர்ல பேசினேன். அந்த வார்த்தை தனக்கு நல்லாத் தெரியுமாம், ஆனா சொல்ல வேண்டியவரு அவருதான்னு சொல்றாரு சார்."

"சொல்லித் தொலைச்சா என்னவாம்?"

"அது தெரியல சார். பின்னாடி ஒரு அம்மா சிரிக்கிற சத்தம் கேட்டுது."

பார்த்தீர்களா. இதைத்தான் கேட்கிறேன். ஒரே ஒரு வார்த்தை, தங்கள் பேர், தங்கள் வாயாலேயே சொல்லியிருந்தால் அன்றைக்குக் காலை பத்தரைக்கே எல்லாம் முடிந்திருக்கும். அதை விட்டுவிட்டு அக்காவும் தம்பியும் சிரிக்கிறீர்கள். அதுவும் என்னை 'அவரு' என்று. நான் என்ன, ஆபீஸ் மானேஜரா?

ரீசெட் ஆகாத பெட்டி சும்மா இருக்கிறதா என்றால் இல்லை. சிவப்பு விளக்கு ஒன்று எரிகிறது. நிமிஷத்துக்கு ஒரு தடவை 'பீப்' என்கிறது. பெரிய சத்தம் இல்லை, ஆனால் ஒரு ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து "அப்புறம்?" "அப்புறம்?" என்று கேட்கிற மாதிரி. ஒரு மணி நேரம் தாங்கினேன். அடுப்பில் உருளைக்கிழங்கு வேகப் போட்டுவிட்டு, கரண்டிக் காம்பால் பலகையின் மூடியை லேசாக நெம்பினேன். உள்ளே பேட்டரி இருக்கும், பிடுங்கினால் அடங்கும் என்று நினைத்தேன். என் மேல் தப்பு உண்டா? யாரும் இதைச் சொல்லவில்லையே. மூடியைத் திறந்தாலே அது கத்துமாம், திருடன் முதலில் அதைத்தான் திறப்பானாம், அதற்காகவே அது ராத்திரி பகல் முழித்திருக்குமாம். கத்தியது. மூடினேன், எண்ணை அமுக்கினேன், நின்றது. போன் வந்தது. "சார், இது ரெண்டாவது சம்பவம்."

அவளோடு பேசிக்கொண்டே இருந்ததில் நான் கிழங்கை மறந்துபோனேன். எனக்கு அந்தப் பெண்ணிடம் நியாயம் கேட்க வேண்டியிருந்தது. ஏம்மா, உனக்குக் கூடப் பிறந்தவங்க உண்டா, உன் புருஷனை யாராவது கூரையில விட்டுட்டு ஏணியைத் தூக்கிட்டுப் போனா நீ சும்மா இருப்பியா என்று கேட்டேன். "எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல சார்" என்றாள். "ஆகும்போது மச்சினன் இல்லாத வீட்டுல பாரும்மா" என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சமையலறைக் கூரை வட்டம் மோப்பம் பிடித்துவிட்டது. தண்ணீர் வற்றிக் கிழங்கு கரிக்கட்டை, பாத்திரம் அதைவிடக் கறுப்பு. இந்தத் தடவை எண்ணை அமுக்கினால் நிற்கிறது, பத்து நொடி கழித்து மறுபடி கத்துகிறது. போனில் அவள் கத்துகிறாள், "சார், காரணம் போனாத்தான் சத்தம் போகும். புகையை வெளிய விடுங்க." ஜன்னலைத் திறந்தேன். துண்டால் விசிறினேன். எதிர்வீட்டிலிருந்து டெய்லர் ஒரு கையில் கத்தரிக்கோல், தோளில் யாருடைய சட்டைக் கையோ, அப்படியே ஓடிவந்து அந்தச் சட்டைக் கையாலேயே விசிறினார். அந்தச் சட்டைக்காரர் இன்றைக்கும் தன் சட்டையில் ஏன் தீய்ந்த வாடை அடிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறாராம். இதை எழுத வேண்டாம் என்கிறார் டெய்லர். எழுதுங்க.

புகை போனது, சத்தம் போனது. பீப் போகவில்லை. "சார், இப்ப மூணு சம்பவம் திறந்திருக்கு. ஒரே வார்த்தைதான் சார், மூணும் மூடிடும்" என்று அந்தப் பெண் கெஞ்சாத குறை. நான் வாயைத் திறக்கவில்லை. அவள் தங்களுக்கு அடித்தாள், தாங்கள் வாயைத் திறக்கவில்லை. இப்படியே மாற்றி மாற்றி ஏழு தடவை. நடுவில் அந்தப் பெண் சாப்பிட்டாளோ என்னவோ.

நாலு மணிக்கு மெக்கானிக் வந்தார். முதலில் வண்டியை நிறுத்தினார், பிறகு ஹெல்மெட்டைக் கழற்றித் துடைத்தார், பிறகு என்னை உட்காரச் சொன்னார். "பெரியவரே, ஒரு சம்பவத்துல மூணு சங்கதி இருக்கு. கிளம்பறது ஒண்ணு. கதவு திறந்தா, மூடியை நெம்பினா, புகை வந்தா கிளம்பிடும். அடங்கறது இன்னொண்ணு. காரணம் போனா, எண்ணை அமுக்கினா அடங்கிடும். யாருமே அமுக்கலைன்னாலும் கொஞ்ச நேரம் கத்திட்டுத் தானா ஓய்ஞ்சுடும். ஆனா அடங்கினது முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. சம்பந்தப்பட்ட ஆளு வந்து, ஆமா, நடந்துச்சு, பாத்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லணும். அப்பத்தான் ரீசெட். அது வரைக்கும் பெட்டி மனசுல வெச்சுக்கிட்டே இருக்கும்."

"எத்தனை நாளைக்கு வெச்சுக்கும்?" என்று கேட்டேன்.

"எத்தனை நாளானாலும். வருஷக்கணக்காக்கூட."

டெய்லர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பிறகு என்ன, மெக்கானிக் தன் பையிலிருந்து கம்பெனிச் சாவி ஒன்றை எடுத்துப் பெட்டியில் போட்டு ஒரு திருகு திருகினார், விளக்கு அணைந்தது, பீப் நின்றது, மூன்று சம்பவமும் மூடியது. தங்கள் பேரை நான் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் வரவில்லை. இந்த இடத்தில் டெய்லர் இருமுகிறார். அதையும் எழுதச் சொன்னேன்.

ஆகவே இதனால் தெரிவிப்பது என்னவென்றால், இங்கே எல்லாம் பழையபடி இருக்கிறது. தாங்கள் எதுவும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம், நானும் வைத்துக்கொள்ளவில்லை, வைத்துக்கொண்டதை விடவும் இல்லை. உங்கள் அக்கா அங்கேயே இஷ்டம்போல இருக்கலாம். அவளுடைய கண்ணாடிக்கூடு அலமாரி மேல் தட்டில் இருக்கிறது, தேடினால் சொல்லவும். தங்கள் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் நல்லது. வீட்டில் பெரியவர்கள் சிறியவர்கள் எல்லாருக்கும் என் அன்பும், தங்களுக்கு மட்டும் டெய்லர் விட்டிருக்கும் அளவு மரியாதையும் சேரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அக்காள் புருஷன்

பின்குறிப்பு: டேய் பம்பரம்,

இது என் கை. டெய்லர் வீட்டுக்குப் போயிட்டார். எழுத்து புரியலைன்னா அக்காகிட்ட குடு, அவ படிச்சுச் சொல்லுவா, என் கோணல் எல்லாம் அவளுக்குப் பழக்கம்.

மேல எழுதினதுல பாதி பொய். மெக்கானிக் சாவி எதுவும் போடல. "சாவி எங்கிட்ட இல்ல, உங்க வாயிலதான் இருக்கு"ன்னு சொல்லிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. நான் கொஞ்ச நேரம் அந்தச் சிவப்பு விளக்கையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் போனை எடுத்துக்கிட்டு, வீட்டுக்குள்ள சரியாக் கேக்கலைன்னு நடுத்தெருவுக்கு வந்து சொன்னேன். அந்தப் பொண்ணு "சத்தமா சொல்லுங்க சார்"னா. சொன்னேன். "இன்னும் கொஞ்சம் தெளிவா சார்"னா. "பம்பரம்! பம்பரம்! பம்பரம்!"னு கத்தினேன்டா. தெருவுல போன ஒரு ஆளு குனிஞ்சு கீழே தேடினாரு. டெய்லருக்கும் நல்லாக் கேட்டுது. தெரிஞ்சுக்கிட்டேதான் அந்தச் சாவிக் கதையை எழுதினாரு. இடுப்பளவைச் சரியாக் குறிச்சுக்கிட்டு வாயில ரெண்டு இஞ்சு குறைச்சுச் சொல்ற மனுஷன்.

"முடிஞ்சுது சார், மூணும் மூடிட்டேன்"னா அந்தப் பொண்ணு. உள்ள வந்தேன். விளக்கு அணைஞ்சிருந்துது. பீப் நின்னு போச்சு. அன்னைக்குப் பூரா வீட்டுல எங்கூடப் பேசிக்கிட்டிருந்தது அது ஒண்ணுதான்னு அப்பத்தான்டா தெரிஞ்சுது.

சாப்பாடு சரியில்ல. தூக்கம் இல்ல. வீடு பளிச்சுன்னும் இல்ல. பாத்திரம் இன்னும் கறுப்பாத்தான் கிடக்கு.

கம்பெனிப் பொண்ணுகிட்டச் சொன்னது கணக்குல வராதுன்னு உங்க அக்கா சொல்லுவா. அதனாலதான் இங்க உன்னையே கூப்பிட்டு எழுதியிருக்கேன், மேல பாரு. பேரு வந்தாச்சு. ஏணி வரணும். ஏணியை நீ தூக்காத, முதுகு போயிடும். பஸ்ஸுக்கு மேல கட்டச் சொல்லு. அக்காவை முன்சீட்டுல உக்கார வை.

நீ வர்றப்போ நான் வீட்டுல இருக்க மாட்டேன். எதிர்ல டெய்லர் கடை பெஞ்சுல உக்காந்திருப்பேன். சாவி பூத்தொட்டிக்கு அடியில. கதவைத் திறந்ததும் பீப் பீப்னு ஆரம்பிக்கும், முப்பது நொடி. அக்காவுக்குத் தெரிஞ்ச எண்ணை நான் மாத்திட்டேன். அப்புறம் அது கத்தும். அப்புறம் அந்தப் பொண்ணு போன் பண்ணும், ரகசிய வார்த்தை கேக்கும். அதையும் மாத்தியாச்சு. கஷ்டமான வார்த்தை இல்ல. நீ கூரைக்குக் கீழ நின்னு சிரிச்சியே, அன்னைக்குக் கடைசியா என்னை உறவு சொல்லிக் கூப்பிட்டியே, அது.

சத்தமா சொல்லணும். அந்தப் பொண்ணுக்கு ஒரு தடவையில காதுல விழாது. டெய்லர் கடை வரைக்கும் கேக்கற மாதிரி சொல்லு.